பேசும் படம் வந்த புதுசுல பெண்கள் பேண்டுகள்: நெஜமாவே அவங்கதான் வாசிச்சாங்களா?

பழைய ரீல்
ரெண்டு வாரமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் இதே வேலையா உக்காந்திருக்கேன், அதான் இங்க கொண்டு வந்து போடுறேன். அமெரிக்காவுல பேசும் படம் வந்த புதுசுல பெரிய படத்துக்கு முன்னாடி ஓட்டுறதுக்குன்னே ஒரு ரீல் பாட்டுப் படங்கள் எடுத்தாங்க இல்லியா, வார்னர் கம்பெனி வைட்டாஃபோன் முறையில அப்படி நூத்துக்கணக்குல எடுத்துச்சு. அதுல 1928ல வந்த ஒண்ணு 'த பேண்ட் பியூட்டிஃபுல்'. இன்ஜெனூஸ்னு ஒரு பேண்ட், ஒருத்தர் விடாம எல்லாரும் பொண்ணுங்க. சாக்ஸஃபோன், ட்ரம்பெட், ட்ராம்போன், ட்யூபா, ட்ரம்ஸ் எல்லாம் அவங்களேதான். பாத்துக்கிட்டே இருக்கும்போது கையில இருந்தத கீழ வச்சிட்டு மொத்தப் பேரும் பான்ஜோவ எடுக்குறாங்க, அப்புறம் பாத்தா வரிசையா அக்கார்டியன். ஒரு ஆளே நாலஞ்சு வாத்தியம்.

1925ல சிகாகோவுல ஆரம்பிச்ச பேண்ட் இது. 1927ல நியூயார்க்ல ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்ங்கிற பெரிய ஆடல்பாடல் ஷோ மேடை வரைக்கும் போயிட்டாங்க. அப்புறம் ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கான்னு கப்பல்ல சுத்தியிருக்காங்க. அந்தக் காலத்துல பேண்ட் தலைவர்கள்ல பெரிய பேரா இருந்த பால் வைட்மன் பேரைச் சேத்து 'பெண் பால் வைட்மன்கள்'னுதான் விளம்பரமே பண்ணாங்க. 1937 வரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்காங்க, ஆனா இன்னைக்கு ஜாஸ் ஜாஸ்னு உருகுறவங்கள்ல எத்தனை பேருக்கு இந்தப் பேரு தெரியும்? எனக்கே இப்பதான் தெரிஞ்சுது, அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன். வேற யாராவது இந்த மாதிரி ஷார்ட்ஸ், அதான் குட்டிப் படங்கள், பாத்திருக்கீங்களா?

கோவை சுந்தர்
பாத்திருக்கேன் தம்பி, இது மட்டுமில்ல, ஹாரி வேமன் அண்ட் ஹிஸ் டெப்யூட்டண்ட்ஸ்னு இன்னொண்ணும் 1928 வைட்டாஃபோன்தான், அதையும் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு, குறை சொல்ல வரல. ஆனா எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு, மனசுல வச்சுக்காம கேட்டுடுறேன். அந்தப் பொண்ணுங்க நெஜமாவே வாசிக்கிறாங்களா? ஸ்டூடியோவுல ஆம்பளைங்க பேண்ட் ஒண்ண மறைவா உக்கார வச்சு வாசிக்கச் சொல்லிட்டு இவங்கள அழகா நிக்க வச்சிருக்கலாம் இல்லியா? சினிமாக்காரங்க செய்யாததா? எல்லாரும் சிரிச்ச முகத்தோட இருக்காங்க, மூச்சு வாங்குற மாதிரியே தெரியல. ட்ரம்பெட் ஊதுறவன் முகம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா என்ன.

மேரி சாக்ஸ்
சுந்தர் சார், நான் பதினாலு வருஷமா ஆல்ட்டோ சாக்ஸ் ஊதுறேன், நாகர்கோவில் பக்கம் கோயில் திருவிழான்னா சப்பரத்துக்கு முன்னாடி எங்க பேண்டுதான். அந்தப் படத்தை நான் சத்தத்தை நிறுத்திட்டு ஒரு தடவை, சத்தத்தோட ஒரு தடவை பாத்தேன். சாக்ஸ் வரிசையில இருக்கிற பொண்ணுங்களோட வெரல் பாருங்க, பாட்டு மேல ஏறும்போது வெரல் மேல ஏறுது, ரெஜிஸ்டர் மாறும்போது இடது கை கட்டைவெரல் அசையுறது தெரியுது. வரி முடியுற எடத்துல தோள் லேசா எழும்பி மூச்சு எடுக்குறாங்க, மூணு பேரும் ஒரே எடத்துல எடுக்குறாங்க. நடிக்கிறவங்களுக்கு அது வராது. ஒண்ணா பிராக்டீஸ் பண்ணி மூச்சு எங்க எடுக்கணும்னு நோட்டுல பென்சில்ல குறிச்சு வச்சாத்தான் அப்படி வரும்.

சிரிப்பு பத்தி சொன்னீங்க. வாயில ரீட் இருக்கும்போது சிரிக்க முடியாது, அவங்களும் அப்ப சிரிக்கல, நல்லா கவனிச்சுப் பாருங்க. வாத்தியம் வாயிலிருந்து எறங்கின ஒடனே சிரிக்கிறாங்க. அது சிரிக்கச் சொல்லிக் கொடுத்த சிரிப்புதான், அத நான் மறுக்கல. பொண்ணு ஊதினா முகம் கோணும், பாக்க நல்லா இருக்காதுன்னு அந்தக் காலத்துல அமெரிக்காவுலயே சொல்லியிருக்காங்க. பொண்ணுங்கன்னா பியானோ, ஹார்ப், வயலின் அதோட சரி. எனக்கு எங்க வீட்டுல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், கீபோர்டு வாசி போதும்னு. அதனால அவங்க சிரிக்கிறத பாக்கும்போது எனக்கு கோவம் வராது, அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி என்ன இருந்திருக்கும்னு தெரியும்.

ஆபரேட்டர் மணி
சுந்தர் சாருக்கு நான் வேற பக்கத்துலேருந்து பதில் சொல்றேன். நான் முப்பத்தஞ்சு வருஷம் தியேட்டர் கேபின்ல இருந்தவன், டூரிங் கொட்டகையில கார்பன் குச்சி மாத்திக்கிட்டே தொழில் கத்துக்கிட்டவன். வைட்டாஃபோன் டிஸ்க்க கையால தொட்டதில்ல, அது எங்க அப்பா காலத்துக்கும் முந்தி, ஆனா அதோட வேலை எப்படின்னு ஆர்வத்துல தேடித் தேடிப் படிச்சிருக்கேன்.

வைட்டாஃபோன்ல சத்தம் ஃபிலிம்ல இல்ல. தனியா 16 இன்ச் தட்டுல இருக்கும், நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. சாதா ரெக்கார்டு மாதிரி வெளியிலிருந்து உள்ள போகாது, ஊசிய உள்பக்கம் வைக்கணும், அது வெளிய வரும். தட்டுல ஒரு அம்புக்குறி இருக்கும், ஃபிலிம்ல ஸ்டார்ட்னு ஒரு ஃப்ரேம் இருக்கும், ரெண்டையும் சரியா நிறுத்தி வச்சு ஒரே மோட்டார்ல ஓட்டணும். ஒரு தட்டு இருபது காட்சி சொச்சம்தான் தாங்கும், லேபிள்லயே கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டத்த அடிச்சிட்டு வரணும். ஃபிலிம் நடுவுல அறுந்து நாலு ஃப்ரேம் போச்சுன்னா அதே நாலு ஃப்ரேம் கறுப்பு ஃபிலிம் ஒட்டி ஜாயிண்ட் போடணும், இல்லேன்னா அங்கேருந்து கடைசி வரைக்கும் வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தத் தட்டு பதிவாகிறது மெழுகுல. மெழுகுல வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. பத்து நிமிஷ ரீல்னா பத்து நிமிஷமும் ஒரே மூச்சுல வாசிக்கணும், கடைசி நிமிஷத்துல ஒருத்தர் சொதப்பினா மெழுகைத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து. அதுக்காகத்தான் கேமரா ரெண்டு மூணு ஒரே நேரத்துல ஓடும், ஒண்ணு தூரத்துல ஒண்ணு கிட்டத்துல. அப்புறமா படத்த மட்டும் மாத்தி மாத்தி வெட்டி ஒட்டுவாங்க, பாட்டு ஒண்ணுதான். கேமரா ஓடுற சத்தம் மைக்ல விழுந்துடும்னு அத ஆளோட சேத்து ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வச்சாங்க, கண்ணாடி வழியா எடுக்கணும், உள்ள இருக்கிறவன் வேர்த்து விறுவிறுத்துதான் வெளிய வருவான். அதனாலதான் அந்தப் படங்கள்ல கேமரா நகராம கல்லு மாதிரி நிக்குது. முன்னாடி பதிஞ்ச பாட்டுக்கு வாயசைக்கிற பிளேபேக் முறை பரவலா வர்றது 1929க்கு அப்புறம்தான், எம்ஜிஎம் 'த பிராட்வே மெலடி'ல ஒரு பாட்டுக்கு செஞ்சாங்கன்னு சொல்வாங்க. அப்ப 1928ல எடுத்த வைட்டாஃபோன் பேண்ட் படம்னா நீங்க காதால கேக்குறது கண்ணு முன்னாடி அந்த நேரத்துல அவங்க வாசிச்சதுதான்.

பழைய ரீல்
மணி அண்ணே, இது எனக்குத் தோணவே இல்ல. கேமரா அசையவே மாட்டேங்குதே, போரடிக்குதேன்னு நெனச்சேன். அசையாததுதான் சாட்சின்னு சொல்றீங்க.

கோவை சுந்தர்
சரி மணி, 1928 விஷயத்துல நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன், மேரி சொன்ன மூச்சு விஷயத்தையும் போய் பாத்தேன், மூணு பேரும் சேந்துதான் எடுக்குறாங்க, கண்கூடா தெரியுது. ஆனா இதே நியாயத்த 1935க்கு கொண்டு போனா நிக்காது. ஐனா ரே ஹட்டன் அண்ட் ஹெர் மெலடியர்ஸ்னு ஹட்டன் முன்னாடி நின்னு நடத்துற பொண்ணுங்க பேண்ட், அவங்கள வச்சு பாராமவுண்ட் எடுத்த 'ஃபெமினைன் ரிதம்' 1935, 'ஆக்ஸென்ட் ஆன் கேர்ள்ஸ்' 1936, 'ஸ்விங் ஹட்டன் ஸ்விங்' 1937. அதுல கேமரா பறக்குது, மேலேருந்து எறங்குது, ட்ரம்ஸ்கிட்ட போகுது, சத்தம் மட்டும் ஒரே சீரா இருக்கு. பாட்ட முன்னாடியே பதிஞ்சிட்டு அப்புறம் படம் எடுத்திருக்காங்க. அப்ப என் சந்தேகம் அங்க இன்னும் உயிரோட இருக்கா இல்லியா?

ஆபரேட்டர் மணி
இருக்கு சார். பாத்தத வச்சு மட்டும் அங்க அடிச்சு சொல்ல முடியாது.

மேரி சாக்ஸ்
வெரல் அங்கயும் சரியாத்தான் போகுது சார். முன்னாடியே பதிஞ்ச பாட்டா இருந்தாலும் பதியும்போதும் அவங்கதானே வாசிச்சிருப்பாங்க? நான் ஒரு தடவை எங்க பேண்டுக்காக வீடியோ எடுத்தப்ப ஸ்பீக்கர்ல எங்க ரெக்கார்டிங்கையே போட்டு அதுக்கு வாசிக்கிற மாதிரி செஞ்சோம். சொந்தமா வாசிச்சதுக்கு செய்யும்போது வெரல் தானா போகும், உடம்புக்கு ஞாபகம் இருக்கும்.

ஜாஸ் கிறுக்கன்
குறுக்க வர்றேன். மெலடியர்ஸ் 1934லயே ரெக்கார்டு போட்டிருக்காங்க, வோகாலியன், விக்டர்ங்கிற ரெக்கார்டு கம்பெனிகள்ல. சினிமாவே இல்லாம வெறும் ரெக்கார்டிங். அழக வச்சு ஏமாத்துறதுக்கு அங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் காதுதான். கேட்டுப் பாருங்க, அந்த ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸும் அந்த வருஷத்து எந்த ஆம்பளை பேண்டுக்கும் தோத்துப் போற வாசிப்பு இல்ல. சுந்தர் சார் சந்தேகத்துக்கு என் பதில் அந்தத் தட்டுகள்தான்.

கோவை சுந்தர்
கேட்டேன். முதல் தட்டு முடியுறதுக்குள்ளயே ஒத்துக்கிட்டேன்.

தாரிணி
எல்லாரும் 'வாசிச்சாங்களா இல்லியா'லயே நிக்கிறீங்க, எனக்கு ஆரம்பத்துலேருந்தே அந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்துது. ஒரு ஆம்பளை பேண்ட் படத்தப் பாத்துட்டு இத யாராவது கேட்டிருப்போமா? இவங்க மட்டும் ஒவ்வொரு தடவையும் நிரூபிச்சுக்கிட்டே இருக்கணும். 1938ல டவுன்பீட்ங்கிற ஜாஸ் பத்திரிகையில பெண் இசைக்காரங்க ஏன் மட்டம்னு ஒரு கட்டுரையே போட்டாங்க, எழுதினவர் பேரு கூட இல்லாம. அதாவது இன்ஜெனூஸ் பத்து வருஷம் உலகம் சுத்தி வாசிச்சு முடிச்சதுக்கப்புறம் அத எழுதுறாங்க.

எனக்கு அதவிட முக்கியமா படுறது, ஃப்ரேமுக்குள்ள யாரு இருக்கா, யாரு இல்லங்கறது. நான் இதுவரைக்கும் பாத்த 1920கள், 30கள் ஷார்ட்ஸ் எல்லாத்துலயும் வெள்ளைக்காரப் பொண்ணுங்க மட்டும்தான். ஆனா அதே காலத்துல லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங் பெண்கள் பேண்ட் நடத்தியிருக்காங்க, ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கோட மனைவியா இருந்தவங்க, அவரை முன்னுக்குத் தள்ளினவங்களே அவங்கதான். ஹார்லெம் பிளேகேர்ள்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண்கள் பேண்ட் ஊர் ஊரா போயிருக்கு. இவங்கள ஒரு ரீல்லயாவது நான் பாக்கல. பாத்தவங்க இருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

பழைய ரீல்
தாரிணி, நீங்க சொன்னதுக்கு நேரான பதில் என்கிட்ட இல்ல, ஆனா ஒரு தனி ஆளோட பதிவு இருக்கு. டாலி ஜோன்ஸ்னு ட்ரம்பெட் ஊதினவங்க, கறுப்பினப் பெண், ஆஸ்கர் மிஷோ 1938ல எடுத்த 'ஸ்விங்' படத்துல வர்றாங்க. மிஷோ கறுப்பின ரசிகர்களுக்காகவே தன் சொந்த முயற்சியில படம் எடுத்தவர், பெரிய ஸ்டூடியோ இல்ல. அந்த ட்ரம்பெட்ட கேட்டதும் இவங்களுக்குன்னு ஏன் ஒரு ரீல் எடுத்து வைக்கலன்னு வயித்தெரிச்சலா இருந்துச்சு.

அப்புறம் ஐனா ரே ஹட்டன் பத்தி ஒண்ணு இருக்கு, இத எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன், பொதுவுல வந்த விஷயம்தான், எழுதுறேன். 'ரிதத்தோட பொன்முடி வெடிகுண்டு'ங்கிற மாதிரி அவங்கள விளம்பரப்படுத்தினாங்க. 1916ல சிகாகோவுல பொறந்தவங்க, சொந்தப் பேரு ஒடெசா கோவன். 1920, 1930 அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கெடுப்புத் தாள்ல அவங்க குடும்பம் வெள்ளையர்னு பதிவாகல, கறுப்பின, கலப்பினக் குடும்பம்னுதான் பதிவாகியிருக்கு. சின்ன வயசுல டான்ஸ் ஆடினப்ப சிகாகோ டிஃபெண்டர்ல படம் வந்திருக்கு, அது கறுப்பின மக்களோட பத்திரிகை. அப்புறம் வாழ்நாள் முழுக்க வெள்ளைக்காரியாவே வாழ்ந்து 1984ல போய் சேந்தாங்க. அவங்க இருக்கிற வரைக்கும் வெளிய இது பேச்சே இல்ல.

தாரிணி
இத படிச்சிட்டு 'ஃபெமினைன் ரிதம்' மறுபடி போட்டேன். முதல் தடவை பாத்தப்ப எனக்கு எரிச்சலா இருந்துச்சு, வாத்தியம் ஒண்ணும் வாசிக்காம குச்சியை ஆட்டிக்கிட்டு, டேப் டான்ஸ் ஆடிக்கிட்டு, பின்னாடி ஒழைக்கிறவங்கள மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்களேன்னு. இந்தத் தடவை அவங்கள விட்டு கண்ணை எடுக்க முடியல. அப்ப அவங்களுக்கு 19 வயசு. ஒரு தப்பு நடந்தா, யாராவது ஒருத்தர் ஊர்லேருந்து வந்து வாயத் தொறந்தா, கறுப்பரும் வெள்ளையரும் சேந்து இருக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சிருந்த தெற்கு மாநிலங்கள்ல அந்த பேண்ட் மொத்தமும் சட்டப்படியே மேடையேற முடியாம போயிருக்கும். அந்த பாரத்த சுமந்துக்கிட்டு அப்படி ஆடியிருக்காங்க.

ஜாஸ் கிறுக்கன்
மெலடியர்ஸ் ஆரம்பிச்சு வச்சது அவங்க இல்லங்கறதையும் சொல்லணும். 1934ல அத கட்டி எழுப்பினது ஐர்விங் மில்ஸ், ட்யூக் எலிங்டனுக்கு மேனேஜரா இருந்தவர். வியாபாரம் தெரிஞ்ச மனுஷன். இன்ஜெனூஸுக்கும் மேனேஜர் ஆம்பளைதான். ஃபில் ஸ்பிடால்னி கதைய எடுத்துக்கிட்டா இன்னும் மோசம், 1934ல முழுக்க பெண்கள வச்சு ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிச்சு, ரேடியோவுல 'அவர் ஆஃப் சார்ம்'னு நிகழ்ச்சி, பாராமவுண்டுக்கும் வைட்டாஃபோனுக்கும் ஷார்ட்ஸ், 1939ல கலர்ல கூட ஒண்ணு. சேர்றப்பவே கையெழுத்து வாங்கிடுவாங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி சொல்லாம கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு. முன்னணி வயலின் ஈவ்லின் கே. கடைசியில 1946ல ஸ்பிடால்னியே ஈவ்லினைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரு.

ஆனா சம்பளம் ஒழுங்கா வந்த வேலை அது, வருஷக்கணக்குல ரேடியோ வேலை, அத அந்தப் பொண்ணுங்க உதறித் தள்ளக்கூடிய நிலமையில இல்ல. அதுக்குக் காரணமும் இந்தப் பேசும் படமேதான். ஊமைப்படக் காலத்துல தியேட்டர்ல பியானோவும் ஆர்கனும் வாசிக்க ஏகப்பட்ட பெண்கள் வேலையில இருந்தாங்க, அமெரிக்காவுல பெண்களுக்கு இசையில நிலையான வருமானம் வந்த எடங்கள்ல அது ஒண்ணு. சத்தம் படத்தோடயே வந்ததும் ரெண்டு மூணு வருஷத்துல அந்த வேலை எல்லாம் போச்சு. இன்ஜெனூஸ் மாதிரி பேண்ட் பிழைச்சது வாட்வில் மேடைகள்ல, அதாவது பாட்டு, டான்ஸ், காமெடின்னு எல்லாம் கலந்து நடக்கிற மேடைகள்ல, ஊர் ஊரா போய் ஒரு நாளைக்கு பல காட்சி. இந்த ஒரு ரீல் படங்கள் வந்ததும் தியேட்டர்காரன் மேடைக்கு ஆள் கூட்டிட்டு வந்து காசு கொடுக்கிறதுக்கு பதிலா பத்து நிமிஷ ரீல போட்டுட்டான். எந்தப் படத்துல அவங்க நமக்கு மிச்சமா கிடைச்சாங்களோ, அந்தப் படம்தான் அவங்க நின்ன மேடைய காலி பண்ணுச்சு. இத நெனச்சா எனக்கு தொண்டைய அடைக்குது.

டொரொண்டோ குமரன்
எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சுப் போட்டுப் போறனான், இண்டைக்கு எழுதாம இருக்க ஏலாமப் போச்சு. மெலடியர்ஸில பியானோ வாசிச்ச ஆக்களில ஒராள் எங்கட டொரொண்டோப் பிள்ளை, பேர் ரூத் லோ. 1936 மட்டில ஐனா ரே ஹட்டன்ர பேண்ட் இஞ்ச வந்தபோது பியானோக்காரிக்குச் சுகமில்லாமப் போக, இவவைக் கூப்பிட்டுப் பாத்திருக்கினம், அப்பிடியே கூட்டிக்கொண்டு போட்டினம். பிறகு கலியாணம் கட்டி, 1939இல புருஷன் செத்துப் போனார், இளம் வயசு. அந்தத் துக்கத்தில இவ எழுதின பாட்டுத்தான் 'ஐல் நெவர் ஸ்மைல் அகெய்ன்'. டொமி டோர்சி பேண்டில ஃபிராங்க் சினாட்ரா பாடி, 1940இல பில்போர்ட் விற்பனைப் பட்டியல் முதன்முதலா வந்தபோது முதலிடம் அதுக்குத்தான், 12 கிழமை அங்கயே நிண்டது.

சினாட்ராவைத் தெரியாத ஆள் இல்லை. அந்தப் பாட்டை எழுதினவ பொம்பிளை பேண்டில பியானோ வாசிச்சுத் திரிஞ்ச பிள்ளை எண்டு நான் இந்த ஊரில 22 வருஷம் இருந்தும் போன வருஷம்தான் அறிஞ்சன். அந்த பேண்டில இருந்த மற்றப் பிள்ளையளும் என்ன என்ன பாட்டை மனசில வச்சிருந்திச்சினமோ.

மேரி சாக்ஸ்
குமரன் அண்ணா, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இன்னும் இந்த மாதிரி இருந்தா எழுதுங்க.

டொரொண்டோ குமரன்
தங்கச்சி, வயோலா ஸ்மித்தைப் பாருங்கோ. விஸ்கான்சினில 1912இல பிறந்தவ, ட்ரம்ஸ். சகோதரியள் எல்லாரும் சேந்த குடும்ப பேண்டில வளந்து, பிறகு சகோதரி ஒராளோட சேந்து கோக்கெட்ஸ் எண்ட பொம்பிளை பேண்டைத் தொடங்கினவ. 1940இல ஃபிரான்சஸ் கரோல் அண்ட் த கோக்கெட்ஸ் எண்டு வைட்டாஃபோன் ஷோர்ட் ஒண்டு வந்தது, அப்ப தட்டு முறை எல்லாம் போய் பேர் மட்டும்தான் மிச்சம். அதில இவ அடிக்கிற அடியைப் பாக்கவேணும். தோள் உயரத்தில ரெண்டு பக்கமும் ரெண்டு டொம்-டொம், 16 இஞ்ச், கையை மேல தூக்கி அடிக்கிறா. 1942இல டவுன்பீட்டில அவவே எழுதினவ, பொம்பிளை வாத்தியக்காரருக்கு ஒரு சந்தர்ப்பம் குடுங்கோ எண்டு. ஆம்பிளையள் போருக்குப் போட்டினம், வெற்றிடத்துக்கு எங்களை எடுங்கோ எண்டு கேட்டவ. பிறகு ஸ்பிடால்னியிட்டத்தான் 1954 வரைக்கும் அடிச்சவ. 2020இலதான் செத்தவ, 107 வயசு.

தாரிணி
டவுன்பீட்டா! நாலு வருஷத்துக்கு முன்னாடி பெண்கள் மட்டம்னு எழுதின அதே பத்திரிகையிலயா! இத எனக்குச் சொல்லவே இல்லியே யாரும்.

பழைய ரீல்
போர் பத்தி பேச்சு வந்ததால இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் பத்தி சொல்லாம போக மனசு வரல, காலம் கொஞ்சம் தள்ளித்தான், இருந்தாலும் தாரிணி கேட்ட கேள்விக்கு ஒரு பாதி பதில் அங்க இருக்கு. 1937ல மிசிசிப்பியில பைனி வுட்ஸ்னு கறுப்பினப் பிள்ளைங்களுக்கான ஒரு பள்ளிக்கூடம், அதுக்கு நிதி திரட்ட பொண்ணுங்கள வச்சு பேண்ட் ஆரம்பிச்சாங்க. 1941ல அந்தப் பொண்ணுங்க பள்ளிக்கூடத்த விட்டு வெளிய வந்து தொழில்முறை பேண்டா நின்னாங்க. கறுப்பினப் பெண்களோட சீன, மெக்சிகோ வம்சாவளிப் பொண்ணுங்களும் இருந்ததாலதான் இன்டர்நேஷனல்னு பேரு. பின்னாடி ராஸ் க்ரான்னு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு சாக்ஸ் ஊத சேந்தாங்க, தெற்குல போலீஸ் பிடிச்சிடக் கூடாதுன்னு முகத்துக்கு கறுப்பு மேக்கப் போட்டுக்கிட்டு பஸ்ல போயிருக்காங்க. ஐனா ரே ஹட்டன் ஒரு பக்கம் வெள்ளையா வாழ, இந்தப் பொண்ணு இன்னொரு பக்கம் கறுப்பா வேஷம் போட, ரெண்டும் வாசிக்கணும்ங்கிற ஒரே காரணத்துக்காக.

1946 வாக்குலதான் இவங்கள படம் எடுத்தாங்க, எடுத்தவர் வில்லியம் அலெக்ஸாண்டர்னு ஒரு கறுப்பினத் தயாரிப்பாளர். டைனி டேவிஸ் ட்ரம்பெட், வை பர்ன்சைட் டெனர். பர்ன்சைட் சோலோ வர்ற எடம், வேணாம், நான் எழுதி கெடுக்கல, நீங்களே பாருங்க.

ஆபரேட்டர் மணி
தம்பி, ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இந்த வைட்டாஃபோன் படங்கள் இன்னைக்கு நமக்கு எப்படி கெடைக்குதுன்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும். ஃபிலிம் ஒரு எடத்துல, தட்டு ஒரு எடத்துலன்னு பிரிஞ்சு போயிடுச்சு. ஃபிலிம் இருக்கும், ஊமையா. தட்டு யார் வீட்டு பரண்லயாவது, பழைய தியேட்டர் அடித்தளத்துலயாவது கெடக்கும், எந்தப் படத்துதுன்னு வச்சிருக்கிறவருக்கே தெரியாது. 1991ல ரான் ஹட்சின்சன்னு ஒருத்தரும் அவரோட கூட்டாளிங்களும் வைட்டாஃபோன் ப்ராஜெக்ட்னு ஆரம்பிச்சு, ரெக்கார்டு சேக்குறவங்கள ஒருத்தர் ஒருத்தரா தேடிப்போய் தட்டு நம்பரையும் ஆவணக் காப்பகத்துல இருக்கிற ஃபிலிம் நம்பரையும் ஒத்துப் பாத்து ஜோடி சேத்தாங்க. யூசிஎல்ஏ மாதிரி காப்பகங்கள் அத சரி பண்ணி பிரிண்ட் போட்டுச்சு. ஹட்சின்சன் 2019ல காலமாயிட்டாரு. ஒரு ஆபரேட்டரா எனக்கு அந்த மனுஷன் மேல ரொம்ப மரியாதை. ஊமையா கெடந்த ரீலுக்கு அதோட சத்தத்த தேடிக் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறது சாதாரண வேலை இல்ல.

கோவை சுந்தர்
மணி, நல்ல வேளை இத எழுதினே. பழைய ரீல் தம்பி, ஒரு சின்னக் கேள்வி, இன்ஜெனூஸ் மாட்டுக் கொட்டகையில நின்னு வாசிக்கிற போட்டோ ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கே, அது நெஜமா?

பழைய ரீல்
நெஜம்தான் சார். 1930, விஸ்கான்சின் பல்கலைக்கழக மாட்டுப் பண்ணை, மாடிசன் ஊரு. பாட்டு கேட்டா மாடு கூடுதலா பால் கறக்குமான்னு சோதனை பண்ணாங்க. கறவை மாடுங்க வரிசையா நிக்குது, நடுவுல இவங்க சாக்ஸும் ட்ரம்பெட்டுமா. எனக்கு அந்தப் போட்டோல புடிச்சது என்னன்னா, ஒருத்தர் கூட அலட்சியமா நிக்கல, கச்சேரி மேடையில நிக்கிற மாதிரியே நிக்கிறாங்க.

மேரி சாக்ஸ்
ஒரு வாரம் கழிச்சு வர்றேன், ஒரு விஷயம் சொல்றதுக்காக. எங்க பேண்டுல பத்தாங்கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணு இருக்கா, ட்ராம்போன் கத்துக்கணும்னு ரெண்டு வருஷமா கேக்குறா. கை குட்டை, ஸ்லைடு, அதான் இழுத்து நீட்டுற குழாய், எட்டாது, க்ளாரினெட்டே போதும்னு பெரியவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பிராக்டீஸ்ல எல்லாரையும் உக்கார வச்சு 'த பேண்ட் பியூட்டிஃபுல்' போட்டுக் காமிச்சேன். மத்த பிள்ளைங்க அக்கார்டியன் வந்ததும் கைதட்டினாங்க. இவ மட்டும் ஒரு எடத்துல 'அக்கா நிறுத்துங்க'ன்னா. ட்ராம்போன் ஊதுற பொண்ணு, அதுவும் அப்படி ஒண்ணும் ஒசரமில்ல, கை முழுசா நீண்டிருக்கு, தோளும் சேந்து முன்னாடி போயிருக்கு. 'அது அஞ்சாவது பொசிஷனா ஆறாவதா?'ன்னு கேட்டா, ஸ்லைடு எவ்வளவு தூரம் நீண்டிருக்குங்கிற கணக்கு அது. எனக்கு சட்டுனு தெரியல. மூணு தடவை பின்னாடி ஓட்டி, சுருதிய கீபோர்டுல தட்டிப் பாத்தோம்.

ஆறாவது.